முழுசாகக் கேட்டவர்

அவரிடம் கசற் கொடுத்தால் இரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். மற்ற ரெக்கோடிங் பார்களில் காலையில் கொடுத்துவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போகலாம். இவரிடம் அது நடக்காது. வேலை அதிகம் என்பதல்ல காரணம். பதிவு செய்த கசற்றைத் தானே ஒருமுறை தலையிலிருந்து வால்வரை கேட்டு முடிக்காமல் யார் கையிலும் கொடுக்கமாட்டார். அறுபது நிமிடக் கசற் என்றால் அறுபது நிமிடமும் கேட்பார். தொண்ணூறு என்றால் தொண்ணூறும் கேட்பார். நடுவில் தொழுகைக்கு நேரம் வந்தால் நிறுத்திவிட்டுப் போய், வந்து, விட்ட இடத்திலிருந்து கேட்பார். கரண்ட் போனால் அது திரும்பி வரும்வரை கசற் அவரிடம்தான் இருக்கும்.

ஒருமுறை கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒருவர் கடை வாசலில் நின்று கத்தோ கத்தென்று கத்தினார். கரண்ட் போய் ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. இவர் அந்தக் கத்தலையும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கத்தி முடித்ததும், "கேட்காம குடுக்கமாட்டன் மனே. உள்ளுக்கு எங்கயாவது சத்தம் கம்மிக்கிடந்தா, கொழும்பில இருந்துகொண்டு என்னத்தான் ஏசுவீங்க" என்றார். பஸ் போய்விட்டது. கசற் மறுநாள் போனது.

காத்தான்குடியில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது அந்தக் கடை. ஒரு பக்கம் புடவைக்கடை, மறுபக்கம் தையற்கடை. நடுவில் இரண்டு ஆள் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவில் ஒரு அறை. நாங்கள் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், தமிழ்ப் பொடியன்களுக்கும் அதுவே வாயில் வந்தது. பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயரைக் கடைப் பலகையில்கூட எழுதாத மனிதர்.

கட்டாரில் ஆறேழு வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்தவர். அவர் தங்கியிருந்த அறையில் சூடான்காரர் ஒருவரும் இன்னும் சில நாட்டுக்காரரும் இருந்தார்களாம். வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையில் ராப் பாட்டு ஓடுமாம். அமெரிக்கத் தெருப் பாட்டு, பிரெஞ்சில் பாடிய பாட்டு, அரபில் பாடிய பாட்டு. ஊருக்கு வரும்போது எல்லோரும் கம்பளியும் ரீவியும் கொண்டுவர, இவர் இரண்டு சூட்கேஸ் நிறையக் கசற் கொண்டுவந்தார். அவருடைய மனைவி எங்களுக்குப் பிளேன்ரீ கொடுத்தனுப்பும் நாட்களில் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லுவா, மற்றவள்களின் மாப்பிள்ளைமார் தங்கம் கொண்டுவந்தார்கள், என்னுடையவர் சத்தம் கொண்டுவந்தார் என்று. அதையும் அவர் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சிரிப்பார்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நானும் என் சிநேகிதன் சீவனும் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட வாவிக்கரையில் எங்கள் ஊர். அங்கிருந்து காத்தான்குடிக்குப் பஸ்ஸில் வருவதென்றால் மூன்று இடத்தில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நடந்துபோய் மறுபடி ஏறவேண்டும். ரியூசன் என்று பொய் சொல்லிவிட்டு, இரண்டு பாட்டுக் கேட்பதற்காக இவ்வளவும் செய்தோம். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்மேல் கோபமும் கொஞ்சம் பெருமையும் வருகிறது.

ரேடியோவில் போடும் சினிமாப் பாட்டுக்குள்ளும் அப்போது இரண்டு வரி ராப் வரத் தொடங்கியிருந்தது. அதை நாங்கள் மதிக்கவேயில்லை. எங்களுக்கு வேண்டியது எந்த ரேடியோவிலும் வராதது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற எங்கள் பொடியன்கள் வீட்டு அறைக்குள் பாடிப் பதிந்து, கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கொப்பிக்குக் கொப்பி எடுத்து, கடைசியில் இரைச்சலுக்குள் பாட்டைத் தேடவேண்டியதாக எங்களிடம் வந்து சேரும் கசற்றுகள். 'அண்டர்கிரவுண்ட்' என்று அதற்குப் பெயர். அந்தச் சொல்லைக் கடைக்குள் மட்டும்தான் சொல்லுவோம். செக்பொயின்றில் நின்று அப்படி ஒரு சொல்லைச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம் எடுத்து, வேறு இடத்துக்குக் கூட்டிப்போவார்கள்.

கடையில் கூடுகிறவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. புடவைக்கடை முதலாளியின் மகன் பாசிலுக்கு இங்கிலிஷில் இருந்தால்தான் ராப். தமிழில் பாடினால் மீன் ஏலம் விடுகிற மாதிரி இருக்கிறதென்பான். உன்னிச்சையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற ஒரு வயற்காரருக்கு மெதுவான பாட்டு மட்டும்தான் வேண்டும். வயல் வட்டைக்குள் உழவுமெசின் ஓடுகிற சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டும், அதோடு இழுபடவும் வேண்டும் என்பார். நான் அடிக்கட்சி. தாளத்தின் அடி விழுகிற இடம் சரியாக இருந்தால் சொல் என்னவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். சீவன் சொல்கட்சி. அடி வெறும் பாய், அதன்மேல் யார் வந்து உட்காருகிறார் என்பதுதான் முக்கியம் என்று வாதாடுவான். ஒரு பாட்டைப் போட்டால் அது முடிவதற்குள் நாங்கள் நாலு பேரும் சண்டை தொடங்கிவிடுவோம். காக்கா ஒரு விரலைத் தூக்குவார். பாட்டு முடியும்வரை பொறுங்கள் என்று அர்த்தம்.

அவர் கேட்கிற விதமே தனி. யார் முகத்தையும் பார்க்கமாட்டார். கசற்றுக்குள் சுற்றுகிற சின்னச் சில்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது. பாதிப் பாட்டில் அதைக் கழற்றித் திருப்பிப் போடுவார். மற்றக் காது என்ன பாவம் செய்தது என்பார்.

எது நல்ல பாட்டு என்று அவரிடம் தீர்ப்பு வாங்க நாங்கள் எத்தனையோ தரம் முயன்றோம். பாசில் ஒருநாள் தந்திரமாக, உங்கள் வீடு தீப்பிடித்தால் எந்தக் கசற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள் என்று கேட்டான். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்றார். அதற்கு மேல் ஒன்றும் பெயராது. எனக்கு இது எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத ஆளுக்கு உண்மையில் ருசி இருக்கிறதா என்றே சந்தேகப்பட்டேன். சீவனிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஆனால் அவருடைய கேட்கிற பழக்கம் கடையை ஒருநாள் காப்பாற்றியது. சோதனைக்கு வந்த ஆமிக்காரன் ஒருவன் அலுமாரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கசற்றை அள்ளி மேசையில் போட்டு, இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டான். வேறு யாராவது என்றால் நடுங்கி, சேர் சேர் என்று கெஞ்சியிருப்பார்கள். இவர் கதிரையை இழுத்துப் போட்டார். நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது, இருந்து கேளுங்கள் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, முதல் கசற்றைத் தொடக்கத்திலிருந்து போட்டார். அது ஒரு கிழவரின் நாட்டுமருந்துப் பேச்சு. இருபது நிமிடம் போனது. வந்தவன் எழும்பப் பார்க்க, இன்னும் இருக்கிறது சேர், பொல்லாத இடம் பின்னுக்கு இருந்தாலும் இருக்கும் என்றார். முப்பதாவது நிமிடத்தில் அவன் தன் துவக்கை எடுத்துக்கொண்டு, சிங்களப் பாட்டு இருந்தால் ஒரு கசற் அடித்து வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் தையற்கடைக்குள் ஒளிந்து நின்று, மூச்சுவிட்டது அதற்குப் பிறகுதான்.

இனிச் சீவனின் பாட்டுக்கு வருகிறேன்.

சீவனுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வாவியில் தோணி விட்டு இறால் பிடித்தவர். ஒரு விடியற்காலை ஜீப்பில் வந்தவர்கள் தோணித்துறையில் வைத்துக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் உடல் வந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கவேண்டும், சனம் கூடக்கூடாது, சத்தம் போட்டு அழக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. வாசல் படலையடியில் இரண்டு பேர் காவல் நின்றார்கள். எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால் பெண்கள் வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்லுகிற சத்தம் வாவிக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அன்றைக்குச் சீவனின் அம்மா சீலைத் தலைப்பைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தா. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த மனிசி வேண்டியதற்கு மட்டும்தான் வாய் திறந்தா. அடுப்பு மூட்டினா, உடுப்புத் தோய்த்தா, கதைக்கவில்லை.

சீவன் அந்த இரண்டு வருடத்தையும் ஒரு பாட்டாக எழுதினான். ஜீப் வந்த நேரம், அதன் நிறம், அண்ணனை எங்கே என்று கேட்கப் போனபோது ஆமி காம் வாசலில் நின்று சிரித்த ஆளின் பட்டப்பெயர், எல்லாவற்றையும் எழுதியிருந்தான். அதைக் காக்காவின் கடையில் பதிவதென்று முடிவாயிற்று. மெசின் எதுவும் எங்களிடம் இல்லை. நான் வாயாலும், உள்ளங்கையால் நெஞ்சில் தட்டியும் அடி போட்டேன். அங்கேயும் எங்களுக்குச் சண்டை. சொல் நிறையக் கிடக்கிறது, என் அடி அமுங்கிப்போகிறது, நாலு வரியை வெட்டு என்றேன். ஒரு சொல்லும் வெட்டமாட்டேன் என்றான். மூன்று நாள் இருவரும் கதைக்காமல் இருந்து, பிறகு ஒரு பின்னேரம், கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, மைக்கில் கைலேஞ்சியைச் சுற்றி, ஒரே மூச்சில் பதிந்தோம். காக்கா சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வந்து எடுங்கள் என்றார். அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்லாயிருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் அவருக்கு?

போகிற நேரத்தில் ஒரு விசயம் நடந்தது. செக்பொயின்றில் கசற் பிடிபட்டால் என்ன செய்வது என்று யோசித்து, மேலே மாரியம்மன் பாடல்கள் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். அது அந்தக் காலத்து வழக்கம்தான். முஸ்லிம் பொடியன்கள் வாப்பாவுக்குப் பயந்து 'ஆங்கிலம் பேசப் பழகுவோம்' என்று எழுதிக்கொண்டு போவார்கள். காக்காவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனால் எங்களுக்கு எழுத அவர் பின்னடித்தார்.

"சாமிட பேர எழுதிப்போட்டு உள்ளுக்க வேறொண்ட வைக்கிற சரியில்ல மனே" என்றார்.

சீவன் விடவில்லை. வேறு எதை எழுதினாலும் போட்டுக் கேட்பார்கள், அம்மன் பெயர் இருந்தால் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்துவிடுவார்கள் என்று கெஞ்சினான். கடைசியில் அவர் ஓம் என்றார்.

சனிக்கிழமை நான் தனியே போய்க் கசற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். சொன்னபடியே செக்பொயின்றில் அம்மன் என்னைக் காப்பாற்றினா. ஞாயிறு பின்னேரம் சீவனோடு சேர்ந்துதான் கேட்பதென்று எங்களுக்குள் சத்தியம் இருந்ததால், அதை வீட்டில் ரேடியோவுக்கு மேலே வைத்துவிட்டு ஞாயிறு காலை ரியூசனுக்குப் போய்விட்டேன்.

இதைவிட மடத்தனம் உலகத்தில் இருக்குமா? ஊரில் மாரியம்மன் கோயில் சடங்கு தொடங்கியிருந்தது. கோயில் பொடியன்கள் வீடு வீடாக வந்து பக்திப் பாட்டுக் கசற் இருந்தால் தாருங்கள் என்று கேட்க, என் அம்மா சந்தோசமாக அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டா. மகனுக்கு இப்போதாவது புத்தி வந்து சாமிப் பாட்டு வாங்கியிருக்கிறான் என்று அவவுக்குப் பெருமை வேறு.

வீட்டுக்கு வந்து விசயம் தெரிந்ததும் புத்தகங்களை முற்றத்திலேயே போட்டுவிட்டுச் சைக்கிளில் பறந்தேன். கோயிலுக்கு எதிரே வீதிக்கு அந்தப் பக்கம்தான் காம். பனைமரத்தில் கட்டிய லவுஸ்பீக்கர் ஒன்று நேராக அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோயில் வாசலில் பாதுகாப்புக்கென்று இரண்டு பேர் துவக்கோடு நின்றார்கள். அதில் ஒருவனுக்குத் தமிழ் தண்ணீர் மாதிரி.

போய்ச் சேர்ந்தபோது காற்றில் வந்துகொண்டிருந்தது ஓர் அம்மன் பாட்டு. என் மூச்சுத் திரும்பி வந்தது. வேறு யாருடைய கசற்றோ ஓடுகிறது, எங்களுடையது இன்னும் வரிசையில்தான் கிடக்கிறது என்று நினைத்து லவுஸ்பீக்கர்காரரின் மேசைக்குப் போனேன். மெசினுக்கு மேலே திறந்து கிடந்தது எங்கள் கசற்றின் வெறும் பெட்டி. காக்காவின் அச்செழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது எங்கள் கசற்தான். ஆனால் பாடிக்கொண்டிருந்தது யாரோ பெண்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். வண்ணக்கரிடம் கேள் என்றார் அவர். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் பக்கத்துக் கதிரையில் இருந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இப்படியான நம்முடைய ஊர்ப் பாட்டுக் கேட்டு எவ்வளவு காலம், இரண்டு பக்கமும் முழுசாக ஓடட்டும், எவனும் கைவைக்கக்கூடாது என்றார். இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடலாம். ஓடினால் வாசலில் நிற்கிறவன் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பான். பிறகு அவனும் கசற்றைக் கேட்பான். சீவனின் குரலை ஊரில் தெரியாதவர் இல்லை. அண்ணனை அடக்கிய வீட்டிலிருந்து தம்பியையும் கூட்டிப்போவார்கள்.

கோயிலுக்குக் கிட்டக் கொமினிகேசன் ஒன்று இருந்தது. அங்கே ஓடிப்போய், காத்தான்குடிப் புடவைக்கடைக்குப் போன் எடுத்து, பாசிலைப் பிடித்து, காக்காவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து சேர எடுத்த நேரம் எனக்கு ஒரு வருடம்.

கசற் கோயிலில் ஓடுகிறதென்று சொன்னேன். ஏன் உள்ளே சாமிப் பாட்டு இருக்கிறதென்று கேட்டேன்.

"பேர எழுதினா உள்ளுக்கும் இருக்கணும்தானே. முன்னுக்கு நாலு பாட்டுப் போட்டிருக்கன். உங்கட அதுக்குப் பொறகுதான் வரும்."

அவர் பதறவில்லை. போனை வெளியே நீட்டச் சொன்னார், எந்தப் பாட்டு ஓடுகிறதென்று தான் கேட்கவேண்டுமாம். நான் வயரை இழுத்து, ரிசீவரை யன்னலுக்கு வெளியே பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தேன் என்று தெரியாது. அந்த நிலையிலும் அந்த மனிதர் ஆறுதலாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"இது மூணாவது, முடியப்போகுது. நாலாவது நாலு நிமிசப் பாட்டு. அது முடிஞ்சா சீவன்ட குரல் வரும்" என்றார். பிறகு, "நிப்பாட்டுங்க எண்டு கேட்காத. அடுத்ததா ஒப்பாரி கிடக்கு எண்டு வண்ணக்கர்ட காதுக்குள்ள மட்டும் சொல்லு. ஓடு மனே."

ஓடினேன். ஒப்பாரி செத்தவீட்டுப் பாட்டு. சடங்கு நடக்கிற கோயிலில் அது கேட்டால் துடக்கு, சடங்கே கெட்டுவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. எத்தனையோ கோயிலுக்குக் கசற் அடித்துக் கொடுத்த முஸ்லிம் மனிதருக்கு ஞாபகம் வந்தது எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நாலாவது பாட்டின் பாதியில் வண்ணக்கரின் காதுக்குள் குனிந்து சொன்னேன். கசற் மாறிப் போச்சு ஐயா, இதற்குப் பின்னால் ஒப்பாரி இருக்கிறது என்று. அவர் கதிரையிலிருந்து எழும்பிய வேகத்தில் சால்வை கீழே விழுந்தது. தன் கையாலேயே மெசினை நிறுத்தினார். ஊர் முழுக்க ஒரேயடியாகச் சத்தம் நின்றது. பிறகு அவர் என்னை ஏசத் தொடங்கினார். அம்மன் சந்நிதியில் செத்தவீட்டுப் பாட்டா, உன் கொப்பனும் இப்படித்தான், உன் குடும்பமே இப்படித்தான் என்று ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினார். வாசலில் நின்றவன் எட்டிப்பார்த்து என்ன பிரச்சினை என்று கேட்டான். பாட்டுச் சரியில்லை என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, கசற்றை என் நெஞ்சில் எறிந்தார். வாழ்க்கையில் என்னை யார் யாரோ புகழ்ந்திருக்கிறார்கள். அந்த ஏச்சுத் தந்த சந்தோசத்தை ஒருவரும் தந்ததில்லை.

சீவன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்து, அங்கிருந்து கோயிலுக்கு வந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் என் எதிரே நின்றான். அவனைச் சைக்கிளில் ஏற்றி வாவிக்கரைக்குக் கொண்டுபோய்க் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. வண்ணக்கரின் சால்வை விழுந்த இடம் வந்ததும் சிரிக்கத் தொடங்கினான். நானும் சிரித்தேன். வயிறு நோக, கண்ணில் தண்ணீர் வர, மணலில் விழுந்து கிடந்து இரண்டு பேரும் சிரித்தோம். உயிரோடு இருக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கிழமை கடைக்குப் போனோம். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார் காக்கா. சொல்லி முடித்தபிறகு, உங்களால் நான் கோயிலில் பொய் சொல்லவேண்டி வந்தது என்று சும்மா ஒரு சீண்டலுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கசற் சில்லைப் பார்க்கிற மாதிரி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்யில்ல. நான் ரெண்டு தரம் கேட்டன். ஒப்பாரியில சொல்லத் தெரிஞ்சவ சொல்லுவா, பக்கத்தில இருக்கிறவ நெஞ்சில அடிப்பா. நீங்க ரெண்டு பேரும் அதத்தானே செஞ்சிருக்கிறீங்க?"

நான் சீவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இவ்வளவு காலமும் சொல்லா அடியா என்று நாங்கள் மல்லுக்கட்டியது எனக்கு வெட்கமாக இருந்தது. சீவன், இதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டான். அதற்கு அவர் ஓமும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. உம்மாவை உனக்குத்தான் தெரியும் என்றார்.

ஒரு புதன்கிழமை, ஊர் மத்தியானச் சாப்பாட்டில் இருந்த நேரம் போட்டோம். நான் படலையடியில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டேன். சீவன் உள்ளே கதவைச் சாத்தி, ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவைத்தான். முதலில் நாலு அம்மன் பாட்டும் போயின. பிறகு அவனுடைய குரல். வெளியே நின்ற எனக்குச் சொல் விளங்கவில்லை, என் அடி மட்டும்தான் கேட்டது. டும், டும் என்று என்னுடைய நெஞ்சு. கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலால் இன்னொரு சத்தம் வந்தது. கசற்றில் அப்படியொன்று இல்லையே என்று காது கொடுத்தேன். சீவனின் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தா. என் அடி விழுகிற இடத்தில் சரியாக அவவின் கையும் விழுந்தது. பிறகு அவவின் குரல் எழும்பியது, மெல்லமாக, சீலைத் தலைப்பு எதுவும் வாயில் இல்லாமல். என் மகனே என்று தொடங்கியது. எனக்கு வீதி தெரியாமல் கண் மறைத்தது. நல்லவேளை, யாரும் வரவில்லை.

முடிந்ததும் அவ வெளியே வந்து, கிணற்றடியில் முகம் கழுவினா. படலையடியில் நின்ற என்னைக் கண்டா.

"என்னடா வெயிலுக்குள்ள நிக்கிறாய்? வா, சோறு தின்னு" என்றா.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டது அன்றைக்குத்தான். இறால் சொதியும் கீரையும். அவ எங்களுக்குப் போட்டுவிட்டுத் தானும் எங்களோடு இருந்து சாப்பிட்டா. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, அந்தப் பாட்டை மறுபடி போடு மகன் என்று சீவனிடம் சொன்னா.

காக்காவிடம் போய் இதைச் சொன்னபோது கடையில் பாசிலும் உன்னிச்சை வயற்காரரும் ஏதோ ஒரு பாட்டுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காக்கா விரலைத் தூக்கினார். அவர்கள் அடங்கினார்கள். நான் சொல்வதை, படலையடி, கிணற்றடி, சொதி எல்லாவற்றோடும் கடைசிவரை கேட்டார். பிறகு இப்போதும் அவ கேட்கிறாவா என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் மத்தியானம் கேட்கிறா என்றேன். அவர் எழும்பி, அலுமாரியிலிருந்து கண்ணாடித்தாள் உரிக்காத புதுக் கசற் ஒன்றை எடுத்தார்.

"ஒவ்வொரு நாளும் ஓடினா கசற் நாடா தேஞ்சிரும் மனே. அதக் கொண்டு வா, அவக்கு இன்னொரு கொப்பி எடுத்துக் குடுப்பம்" என்றார்.